நாலு மணி நேரம், யார் பெயரிலும் இல்லை

கோரைக்குடி, மன்னார்குடி வட்டம்
செப்டம்பர் 9

தஹ்மீனா அக்கா,

போனில் பேசினால் சண்டை, குழுவில் எழுதினால் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள், இனி மின்னஞ்சலில் கடிதம் மட்டும் எழுது என்று போன மாதம் சொன்னீர்கள். எழுதுகிறேன். எல்லோர் முன்னாலும் உங்கள் 4.3ஆம் பத்தியை 'மூளையில்லாத பத்தி' என்று சொன்னது தப்பு. சொன்ன இடம்தான் தப்பு. சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை. நேற்று அந்தப் பத்தி எங்கள் ஊர்த் தண்ணீரை வடிகாலில் இறக்கிவிட்டது.

மதகுப் பெட்டிகள் தங்களுக்குள் எப்படிப் பேசவேண்டும் என்று நீங்கள் தோஹாவில் உட்கார்ந்து திருத்துகிற அந்த விதி வரைவை நம்பித்தான் கோரைவாய்க்காலில் மதகுக்கு மதகு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்தேன். பெட்டிகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன: வாய்க்கால், கிளை, மதகு. நடுவில் சாய்கோடு. தன் பெயர் வந்தால் பெட்டி ஷட்டரைத் தூக்கும், இல்லாவிட்டால் அடுத்த பெட்டிக்குக் கடத்திவிடும். இதுவரை உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன். நீங்கள் கூத்தாநல்லூர் என்றாலும் அரிசி மண்டி வீடு. நெல் மூட்டையாக வந்த பிறகுதான் உங்களுக்கு அறிமுகம்.

எங்கள் வாய்க்காலில் ஆறு கிளை. பத்து நாளைக்கு ஒரு தடவை முறைத் தண்ணீர், கிளைக்கு நாலு மணி நேரம். மூன்றாவது புன்னைக்கிளை. நான் பிறப்பதற்கு முன்பே தூர்ந்துபோய்விட்டது. ஆனால் அதன் நாலு மணி நேரத்தை ஊர் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை மற்ற கிளை எல்லாம் மூடிக் கிடக்கும், தண்ணீர் நேராகக் கடைமடைக்குப் போகும். கடைமடை நாற்பது ஏக்கருக்கு அதுதான் உயிர். ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கர் வீரையன் நோட்டில் அந்த இடத்தில் ஒரு வெறும் வரி இருக்கும். எந்தக் கிளையின் பெயரும் எழுத மாட்டார்.

அதனால் வாய்க்காலின் கடைசி மதகுக்கு நான் வைத்த பெயர்: கோரைவாய்க்கால்//கடைமதகு. நடுவில் கிளை இல்லை, காலி. உங்கள் 4.3 என்ன சொல்கிறது? "காலிப் பகுதி வந்தால் நீக்கிவிடவும்." நீக்கிவிட்டன. கோரைவாய்க்கால்/கடைமதகு என்று ஆகிவிட்டது. கடைமதகு என்று ஒரு கிளையை எல்லாப் பெட்டியும் தேடின. அப்படி ஒரு கிளையே கிடையாது. எவனும் திறக்கவில்லை. என் போனில் மட்டும் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை டிக். நாலு மணி நேரத் தண்ணீரும் வழிந்து வடிகாலில் போய்ச் சேர்ந்தது.

அம்மா எங்கள் ஏழு மா நிலத்தில் சம்பா நட்டு எட்டு நாள் ஆகிறது. "உன் பொட்டிக்குக் காது கேக்காதாடா?" என்று கேட்டாள். பெட்டி வைக்கலாம் என்று கடைமடையில் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கியவன் நான்.

அக்டோபர் 10இல் வரைவைப் பூட்டப்போகிறீர்கள். பூட்டினால் அப்புறம் நாலைந்து வருஷத்துக்குத் தொட முடியாது. அதற்குள் அந்த வரியை எடுங்கள்.

வளவன்


தோஹா
செப்டம்பர் 11

வளவனுக்கு,

பாதி மன்னிப்பு வந்து சேர்ந்தது. மீதியை வசதிப்படும்போது அனுப்பு.

அந்த வரியை நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. போன வருஷச் சோதனையில் ஐம்பது கட்டளைக்கு ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் தேடினேன். காரணம் கட்டைவிரல். வெயிலில் நின்றுகொண்டு போனில் அடிக்கிறவர்கள் சாய்கோட்டை இரண்டு தடவை தட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இரட்டைக் கோடு வந்தால் ஒற்றையாக்கு என்று எழுதினேன். அதன் பிறகு ஒரு கட்டளையும் தொலையவில்லை. அந்த மூன்று வாரம் நீ என்னோடு இல்லை. 'மூளையில்லாத' என்று எழுத மட்டும் வந்தாய்.

இன்னொன்றும் இருக்கிறது. குழுவில் ஒன்பது பேர். உன் ஊருக்காக நான் பத்தியைத் திருத்தினால், "தஹ்மீனா சொந்த மாவட்டத்துக்கு வளைக்கிறாள்" என்று முதலில் சொல்லப்போகிறவர் யார் என்றுகூட எனக்குத் தெரியும்.

இத்தனை கோபம் எதற்கு? காலியாக விடாதே. அந்த இடத்தில் ஏதாவது போடு. பூஜ்யம் போடு. மதகு திறக்கும், வரைவும் பிழைக்கும். அடுத்த முறை 18ஆம் தேதிதானே? போதுமான நேரம் இருக்கிறது.

அம்மாவுக்கு என் சலாம் சொல். நாற்று தாங்குமா என்று கேட்டு எழுது.

தஹ்மீனா


கோரைக்குடி
செப்டம்பர் 19

அக்கா,

நாற்று தாங்கியது. நேற்றுத் தண்ணீர் வந்தது, நாலு மணி நேரமும் முழுசாக. அம்மா வரப்பிலேயே நின்றாள். சந்தோஷம் இன்று காலை ஏழரை வரைக்கும் இருந்தது.

ஏதாவது போடு என்றீர்கள். பூஜ்யம் போட எனக்குப் பிடிக்கவில்லை, அசிங்கமாக இருந்தது. வீரையனிடம் "இந்த எடத்துல முன்னாடி எது இருந்திச்சு?" என்று கேட்டேன். "புன்னைக்கிளை" என்றார். அதையே அடித்தேன். கோரைவாய்க்கால்/புன்னைக்கிளை/கடைமதகு. முப்பது செகண்டு வேலை.

முறைப் பட்டியல் ஊரில் எல்லோர் போனிலும் தெரியும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்று காலை சூர்யபிரகாஷ் வந்து நின்றார். தூர்ந்த கிளையோரம் ஆறு ஏக்கர் வாங்கித் தென்னை போட்டிருப்பவர். கையில் பத்திர நகல். அதில் 'புன்னைக்கிளைப் பாசனம் உட்பட' என்று ஒரு வரி. இத்தனை வருஷமாக அந்த வரிக்கு மதிப்பில்லாமல் இருந்தது, கிளையே இல்லையே. இப்போது போனைத் திருப்பிக் காட்டுகிறார்.

"தம்பி, நீயே போட்டிருக்க பாரு. புன்னைக்கிளை, ரெண்டுலேருந்து ஆறு. அப்ப அந்த நாலு மணி நேரம் நம்மளது."

"அது சும்மா வச்ச பேருங்க."

"சும்மா யாராச்சும் பேரு வப்பாங்களா? எம் புள்ளைக்கே சோசியரக் கேட்டுத்தான் வச்சேன்."

நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார். வீரையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நான் முப்பது வருசமா காலியா விட்டத நீ முப்பது செகண்டுல எழுதிட்டியே" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் மறந்துபோய்க் காலியாக விடவில்லை. பெயர் எழுதினால் ஆள் வந்துவிடும், அதனால் விட்டார்.

பெயரை எடுத்துவிட்டேன். தலைவரும் அந்த வரி பழையபடி காலியாகவே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நிரப்புகிற யோசனை உங்களுடையது, பெயர் என்னுடையது. ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். ஆனால் இனி நிரப்ப மாட்டேன். காலிதான் வேண்டும்.

வளவன்


தோஹா
செப்டம்பர் 21

வளவா,

சோசியர் வரியைப் படித்து ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

நான் சொன்ன பூஜ்யத்தைச் சோதித்துப் பார்த்தேன். திருவையாறு பக்கம் நம் வரைவை வைத்து ஒரு ஊரில் பெட்டி ஓடுகிறது. அங்கே கிளைகளுக்கு எண் போட்டவர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அங்கே பூஜ்யம் என்றால் முதல் கிளை. நான் உனக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்லியிருந்தால் யாரோ ஒருவர் வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரை வேறு பக்கம் திருப்பியிருப்பேன். வேறு வேறு சொல்லாகப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் எங்கோ ஓர் ஊரில் அது ஒரு கிளைக்குப் பெயராகிவிடுகிறது. ஒன்றுமில்லாததற்கு ஒன்றுமில்லாததையே வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன். வேலையில் இப்படி ஒரு பரபரப்பு வந்து ரொம்ப நாளாகிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: காலிப் பகுதியை நீக்கக்கூடாது.

ஆனால் நீக்காதே என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. காலி என்றால் பெட்டி என்ன புரிந்துகொள்ள வேண்டும்? கிளை இல்லை என்றா? எந்தக் கிளையானாலும் சரி என்றா? எழுத மறந்துவிட்டார்கள் என்றா? உட்கார்ந்து யோசித்து எழுது. அதுவரை பெட்டியில் கை வைக்காதே.

தஹ்மீனா


கோரைக்குடி
செப்டம்பர் 22

அக்கா,

காலி என்றால் காலி. இதற்கு எதற்கு விளக்கம்? டம்ளர் காலி என்றால் எந்த அர்த்தத்தில் காலி என்று யாராவது கேட்பார்களா?

28ஆம் தேதி முறை. அதற்குள் நீங்கள் ஒன்பது பேரும் கூடி யோசித்து முடிக்கமாட்டீர்கள். நீக்கும் வரியை எல்லாப் பெட்டியிலும் இன்றே அணைத்துவிட்டேன். வாய்க்கால் மேலிருக்கும் பச்சைப் பெட்டிகள் நான் செய்தவை. கிளைகளில் இருப்பவை விலைக்கு வாங்கின சாம்பல் பெட்டிகள். இரண்டிலும் ஒரே அமைப்புதான். வேலை செய்யும்.

வளவன்


கோரைக்குடி
செப்டம்பர் 28, மாலை

அக்கா,

வேலை செய்யவில்லை. கைகால் எல்லாம் சேறு, அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கட்டளை போனது. பச்சைப் பெட்டி ஒழுங்காகப் புரிந்துகொண்டு வாய்க்காலின் கடைமதகைத் தூக்கியது. நான் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் கழித்தும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை.

சாம்பல் பெட்டிகள் காலியை 'எந்தக் கிளையானாலும்' என்று படித்திருக்கின்றன. ஒவ்வொரு கிளைக்கும் கடைசியில் ஒரு மதகு இருக்கிறது, அதற்கும் கடைமதகு என்றுதான் பெயர். கிளைத் தலைப்பில் இருக்கிற பெட்டி, கட்டளை தன் வழியாகப் போகவேண்டும் என்று நினைத்து அதுவும் ஷட்டரைத் தூக்கிவிட்டது. ஐந்து கிளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது அக்கா. ஊர்த் தண்ணீரெல்லாம் எல்லாப் பக்கமும் ஓடியது.

வீரையனுக்குப் போன் போட்டேன். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு அவர் மேலிருந்து, நான் கீழேயிருந்து, மதகு மதகாகக் கையால் சுற்றி மூடினோம். முடிக்கும்போது மணி நாலு. கடைமடைக்குக் கால்வாசித் தண்ணீர்தான் சேர்ந்தது. அம்மா வயலில் மேட்டுப் பக்கம் எட்டவேயில்லை.

"இதுக்குப் பொட்டி எதுக்கு, நான் ஒருத்தன் போதுமே" என்று வீரையன் வாயெடுத்தவர் தானே நிறுத்திக்கொண்டார். அவர் கையில் இப்போது மூன்று வாய்க்கால். ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர முடியாமல்தான் இத்தனை வருஷம் கடைமடை காய்ந்தது.

ஊர் கூடிப் பேசிவிட்டது. 8ஆம் தேதி முறை கடைசி வாய்ப்பு. அன்றும் தவறினால் பெட்டிகளைக் கழற்றி என் வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். அப்புறம் கடைமடைத் தண்ணீர் பழையபடி வீரையன் டிவிஎஸ்ஸை நம்பித்தான்.

நீங்கள் கை வைக்காதே என்றீர்கள். வைத்தேன். மீதிப் பாதி மன்னிப்பு இதோ.

வளவன்


தோஹா
செப்டம்பர் 30

வளவா,

வாங்கிக்கொண்டேன். இனி அதைப் பற்றிப் பேச்சில்லை, நேரமில்லை.

சாம்பல் பெட்டிக்காரர்களின் கையேட்டைப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: காலி என்றால் எல்லாம். அவர்கள் மேல் தப்பில்லை. வரைவு ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார்கள். நீ உனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டாய். நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

அவர்களோடு பேசிவிட்டேன். நாம் அர்த்தத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால் ஐந்தாம் தேதிக்குள் பெட்டியின் மென்பொருளை மாற்றித் தருகிறார்களாம். ஆகவே எழுது. காலி என்றால் என்ன, ஐந்து வரிக்குள். டம்ளர் வராமல்.

தஹ்மீனா


கோரைக்குடி
அக்டோபர் 2

அக்கா,

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதினோரு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் வீரையன் நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பது வருஷமாக அவர் காலி வரியை வைத்துத்தான் வாய்க்காலை ஓட்டியிருக்கிறார், ஒரு தடவையும் தவறவில்லை. அப்படியென்றால் அந்த மனுஷன் தலைக்குள் ஒரு ஸ்பெக், எழுதாத விதிமுறை, இருந்தே ஆகவேண்டும். அதைக் கறக்கலாம் என்று குறுக்கு விசாரணை மாதிரிக் கேட்டேன்.

"இந்த வரிய விட்டுட்டு எண்ணுனா எத்தன கிளை?"

"ஏன் விட்டுட்டு எண்ணணும்? அதையும் சேத்துத்தான் ஆறு. விட்டுட்டா நாலாவது கிளைக்காரன் ரெண்டு மணிக்கே வந்து நிப்பான்."

"இந்த நேரத்துல வேற கிளையத் தொறக்கலாமா?"

"தொறந்தா அப்புறம் என்னாத்துக்கு அது?"

"எவனாச்சும் இதுல பேரு எழுதுனா?"

"எழுதித்தான் பாத்தியே."

எரிச்சலாகச் சொன்னாலும் வேண்டியது கிடைத்துவிட்டது. என் வரிகள்:

காலிப் பகுதியும் ஒரு பகுதி. பெயரின் பகுதிகளை எண்ணும்போது அதையும் எண்ண வேண்டும், நீக்கக்கூடாது. காலிக்குச் சமம் இன்னொரு காலி மட்டுமே. பெயருள்ள எதற்கும் அது சமமாகாது. 'எல்லாம்' என்றும் 'எதுவானாலும்' என்றும் அதைப் படிக்கக்கூடாது.

டம்ளர் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதி முடித்ததும் வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் நடந்தேன். "பரீட்சையில பாஸாயிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

ஓட்டைகளைச் சொல்லுங்கள். தாட்சண்யம் வேண்டாம்.

வளவன்


தோஹா
அக்டோபர் 5

வளவா,

ஓட்டை ஒன்றே ஒன்று. என் கட்டைவிரல்காரர்களை நீ மறந்துவிட்டாய். உன் விதிப்படி, வெயிலில் நின்று தவறுதலாக இரண்டு கோடு தட்டுகிறவர் நிஜமாகவே ஒரு காலிப் பகுதியை அனுப்பிவிடுவார்.

அதனால் இதைச் சேர்த்தேன்: பெட்டிகள் தங்களுக்குள் பேசும்போது காலி என்பது நீளம் பூஜ்யமுள்ள ஒரு பகுதி, அவ்வளவுதான். மனிதர்கள் எழுதும்போது மட்டும் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். கோரைவாய்க்கால்/.../கடைமதகு. வேண்டுமென்றே வைத்தால்தான் காலி. வெறும் இரட்டைக் கோடு வந்தால் நீக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம், தப்பு என்று அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும். மூன்று புள்ளியைக் கிளைக்குப் பெயராக வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. பத்திர நகலோடு யாரும் வர முடியாது.

நேற்றுக் குழு கூடியது. நான் எதிர்பார்த்தவரே எழுந்து, "இது உங்கள் ஊர் விவகாரம்தானே?" என்று கேட்டார். "ஆமாம், எங்கள் ஊர். திருவையாற்றுக்காரர்களைக் கேளுங்கள், அவர்கள் ஊரும்கூட" என்றேன். ஓட்டு ஆறுக்கு மூன்று. நிபந்தனையோடு நிறைவேறியது: இரண்டு தயாரிப்பாளர்களின் பெட்டிகள் நிஜமான வாய்க்காலில் இதை ஒரே மாதிரி புரிந்துகொண்டன என்று ஒன்பதாம் தேதிக்குள் எழுத்தில் அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் 4.3 பழையபடியே பூட்டப்படும்.

ஆக உன் ஊரும் என் பத்தியும் அதே மதியம் இரண்டு மணியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சாம்பல் பெட்டிக்கான புது மென்பொருளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இன்றே ஏற்று. எட்டாம் தேதி நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்து செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் ஆபீசில் இருக்க முடியாது.

தஹ்மீனா


கோரைக்குடி
அக்டோபர் 8, மாலை 4.20

தஹ்மீனா அக்கா,

இது அறிக்கை. குழுவுக்கு அப்படியே அனுப்பலாம், கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

1.40. வேண்டுமென்றே இரட்டைக் கோட்டோடு ஒரு கட்டளை அனுப்பினேன். பச்சைப் பெட்டி, சாம்பல் பெட்டி இரண்டுமே 'தப்பு' என்று திருப்பின. எந்த ஷட்டரும் அசையவில்லை.

2.00. மூன்று புள்ளியோடு கட்டளை. வாய்க்காலின் கடைமதகு முழுக்க ஏறியது. ஐந்து கிளைகளிலும் கிளைக்கு ஒரு ஆள் நிறுத்தியிருந்தேன். ஐந்து பேரும் போனில் மூடியிருக்கு, மூடியிருக்கு என்று சொன்னார்கள். நாலாவது கிளையில் நின்றது சூர்யபிரகாஷ். தானாகவே வந்து நின்றார். தப்பாகத் திறந்தால் முதலில் சத்தம் போடுகிறவர் அவராகத்தான் இருப்பார் என்று நான் சரி சொன்னேன். "மூடித்தான் கெடக்கு, ஒரு சொட்டு வரல" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம்.

2.50. தண்ணீர் கடைமடை முதல் வயலில் ஏறியது. மதகுப் பக்கத்தில் நின்றுகொண்டு வீரையன் யாரிடமோ போனில் பேசினார்: "கோரைவாய்க்காலுக்கு இன்னிக்கு நான் வேண்டாம், நேரா உங்க பக்கம் வர்றேன்." வண்டியை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டு வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா, நான் பெட்டி வைத்ததே அந்த ஆள் அப்படிப் போகவேண்டும் என்றுதான்.

4.05. எங்கள் ஏழு மா. பள்ளத்தில் நிறைந்து மேட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. மஞ்சளாகிப்போன நாலைந்து பாத்தி தேறுமா தெரியாது, மற்றது தேறிவிடும்.

அறிக்கை முடிந்தது. இதற்கு மேல் வெட்டிவிடுங்கள்.

நான் வரப்பில் உட்கார்ந்து போனில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் வரும்?"

"ஆறு மணி வரைக்கும். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் இருக்கு."

"அப்ப எந்திரி. மேட்டுப் பக்கம் தண்ணி ஏற வரப்புல வாய் வெட்டணும். யாருக்கு எழுதுற?"

"தஹ்மீனா அக்காவுக்கு."

"அவகிட்ட தண்ணி வந்துருச்சுன்னு மட்டும் சொல்லு, அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும். மீதிய ராத்திரி எழுதிக்க."

மண்வெட்டியை மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தண்ணீர் வந்துவிட்டது அக்கா. பத்தியைப் பூட்டுங்கள்.

வளவன்